பட்டறை முதல் பம்ப்செட் வரை: பொறியியல் உலோகங்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை புதூர், கப்பலூர் தொழிற்பேட்டைகளில் சிறு ஆலை நடத்துவோர், சாலையோர வெல்டிங் பட்டறைக்காரர்கள், வீடு கட்டுவோர், ஆழ்துளைக் கிணற்றில் மோட்டார் இறக்கும் விவசாயிகள், பாலிடெக்னிக் மாணவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. இவற்றில் பெரும்பாலானவை "எது நல்ல உலோகம்?" என்றே தொடங்குகின்றன. என்ன வேலைக்கு, எந்தத் தண்ணீரில், எவ்வளவு சுமைக்கு என்பது தெரியாமல் அந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாது. ஆகவே இங்குள்ள விடைகள் உலோகத்தின் பெயரையோ விலையையோ வைத்துத் தொடங்காமல், அது செய்யவேண்டிய வேலையை வைத்தே தொடங்குகின்றன.

இரும்பு, எஃகு, வார்ப்பிரும்பு ஆகியவை எதில் வேறுபடுகின்றன?

முதன்மையாகக் கார்பனின் அளவில். கடைகளில் எம்.எஸ். (மைல்டு ஸ்டீல், அதாவது மென் எஃகு) என்று கேட்டு வாங்கும் ஆங்கிள், சேனல், பட்டை ஆகியவற்றில் கார்பன் ஏறத்தாழ 0.25 சதவீதத்துக்குள் இருக்கும். அதனால்தான் அவற்றை எளிதாக வளைக்கவும் வெல்டிங் செய்யவும் முடிகிறது. 0.3 முதல் 0.6 சதவீதம் வரை கார்பன் உள்ள எஃகு அச்சுத்தண்டு, பற்சக்கரம் போன்றவற்றுக்கும், அதற்கு மேற்பட்டது சுருள்வில், உளி, அரம் போன்றவற்றுக்கும் பயன்படுகிறது. கார்பன் 2 சதவீதத்தைத் தாண்டினால் அது வார்ப்பிரும்பு. வழக்கமாக 3 சதவீதத்தை ஒட்டியும் அதற்குச் சற்று மேலும் இருக்கும்.

சாதாரண வார்ப்பிரும்பில் உள்ள கார்பனின் பெரும்பகுதி கிராஃபைட் செதில்களாகப் பிரிந்து உலோகத்துக்குள் பரவிக் கிடக்கிறது. இழுவிசை வரும்போது ஒவ்வொரு செதிலின் முனையும் ஒரு விரிசலின் தொடக்கமாகிவிடுவதால், வார்ப்பிரும்பு வளையாமல் திடீரென உடைகிறது. ஆனால் அழுத்தத்தை அது இழுவிசையைவிடப் பல மடங்கு தாங்கும். அதே செதில்கள் அதிர்வையும் உள்வாங்கிக்கொள்ளும். எஃகு உருக ஏறத்தாழ 1500 டிகிரி செல்சியஸ் தேவைப்படும்போது, வார்ப்பிரும்பு 1150 முதல் 1200 டிகிரிக்குள் உருகி, அச்சின் மூலைமுடுக்கெல்லாம் ஓடி நிரம்பிவிடுகிறது. லேத்தின் அடித்தளமும் பம்பின் உடற்கூடும் இன்றும் வார்ப்பிரும்பில் செய்யப்படுவது இதனால்தான். விலை குறைவு என்பது மட்டும் காரணம் அன்று. உருகிய வார்ப்பிரும்பில் சிறிதளவு மெக்னீசியம் சேர்த்தால் கிராஃபைட், செதில்களாக அல்லாமல் உருண்டைகளாக உருவாகிறது. அப்போது அதே உலோகம் வளைந்து கொடுக்கும் தன்மையைப் பெறுகிறது. குடிநீர்த் திட்டங்களில் பதிக்கப்படும் டி.ஐ. (டக்டைல் அயர்ன்) குழாய்கள் இந்த வகையைச் சேர்ந்தவை.

விலை கூடிய, வலிமை மிகுந்த எஃகைப் போட்டும் கூரை உத்தரம் தொய்கிறதே, ஏன்?

வலிமையும் விறைப்பும் இரண்டு வேறு பண்புகள் என்பதால். எவ்வளவு சுமையில் ஓர் உலோகம் திரும்பி நிமிராதபடி வளைந்துவிடும் என்பதைச் சொல்வது வலிமை. அந்த எல்லைக்குக் கீழே, ஒவ்வொரு கிலோ சுமைக்கும் அது எவ்வளவு வளைந்து கொடுக்கும் என்பதைச் சொல்வது விறைப்பு. அதன் அளவீடுதான் யங் குணகம். வலிமையைக் கார்பனாலும் கலப்புத் தனிமங்களாலும் வெப்பப் பதப்படுத்தலாலும் பல மடங்கு உயர்த்தலாம். ஐ.எஸ். 2062 என்ற இந்தியத் தரநிலையில் இ 250 என்ற எஃகும் உண்டு, இ 350 என்ற எஃகும் உண்டு. அந்த எண்கள் மெகாபாஸ்கலில் சொல்லப்படும் வலிமையைக் குறிக்கின்றன. ஆனால் யங் குணகம் இரண்டுக்கும் ஒன்றுதான், ஏறத்தாழ 200 ஜிகாபாஸ்கல். அது அணுக்களுக்கு இடையிலான பிணைப்பைப் பொறுத்ததாகையால், சிறிதளவு கார்பனோ மாங்கனீசோ சேர்ப்பதால் குறிப்பிடும்படி மாறுவதில்லை. ஆகவே அதே அளவுள்ள உத்தரத்தை வலிமை கூடிய எஃகில் செய்தால், அது முறிவதற்கு மேலும் அதிகச் சுமை தேவைப்படுமே ஒழிய, அன்றாடச் சுமையில் தொய்வது ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையாது.

தொய்வைக் குறைக்க வடிவத்தை மாற்றவேண்டும். 100க்கு 50 மில்லிமீட்டர் அளவும் 3 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள பெட்டிக் குழாயைப் படுக்கவைத்துப் பொருத்துவதற்கும், 100 மில்லிமீட்டர் பக்கம் செங்குத்தாக நிற்கும்படி பொருத்துவதற்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ மூன்று மடங்கு. அதே குழாய், அதே எடை, அதே விலை. நிமிர்த்தி வைத்தால் தொய்வு மூன்றில் ஒரு பங்காகிறது. சீராகப் பரவிய சுமை உள்ள உத்தரத்தில் இரு தாங்கிகளுக்கு இடையிலான தூரத்தைப் பாதியாக்கினால், ஒவ்வொரு பகுதியின் தொய்வும் பழைய அளவில் பதினாறில் ஒரு பங்குக்கு மேல் போகாது. மொட்டைமாடியில் தகரக் கொட்டகை போடுபவர், விலை கூடிய எஃகைத் தேடுவதற்கு முன், நடுவில் ஒரு தூண் நிறுத்த இடமிருக்கிறதா என்று பார்ப்பதே அறிவார்ந்த செலவு.

அலுமினியத்தின் யங் குணகம் ஏறத்தாழ 70 ஜிகாபாஸ்கல், அதாவது எஃகினதில் மூன்றில் ஒரு பங்குதான். அதன் எடையும் மூன்றில் ஒரு பங்கு என்பதால் பலர் ஏமாறுகிறார்கள். இரும்பு ஏணியின் அளவை அப்படியே அலுமினியத்தில் எடுத்தால் அது ஆடும். அலுமினிய ஏணியின் கால்கள் எப்போதும் அகன்றும் ஆழ்ந்தும் இருப்பதைக் கவனித்தால் காரணம் விளங்கும்.

டி.எம்.டி. கம்பியில் 500, 500டி, 550 என்று போட்டிருப்பவற்றுள் எதை வாங்குவது?

டி.எம்.டி. என்பது கான்கிரீட்டுக்குள் போடும் வலுவூட்டுக் கம்பி. அதிலுள்ள எண், கம்பி நிரந்தரமாக நீளத் தொடங்கும் தகைவை, அதாவது பரப்பளவுக்கு இவ்வளவு விசை என்ற அளவை, மெகாபாஸ்கலில் சொல்கிறது. ஆனால் வீட்டுக்கு அதைவிட முக்கியமானது, அறுந்துபோவதற்கு முன் கம்பி எவ்வளவு நீளும் என்பது. ஐ.எஸ். 1786 தரநிலைப்படி 500 வகை குறைந்தது 12 சதவீதமும், 500டி வகை 16 சதவீதமும், 550 வகை 10 சதவீதமும் நீளவேண்டும். டி என்ற எழுத்துள்ள கம்பியில் கந்தகத்துக்கும் பாஸ்பரசுக்கும் அனுமதிக்கப்படும் அளவும் குறைவு. நிலநடுக்கம், அடித்தளம் இறங்குதல் போன்ற எதிர்பாராத விசை வரும்போது, நீண்டு எச்சரிக்கை தரும் கம்பியே உயிரைக் காக்கிறது. எனவே பொறியாளர் வரைபடத்தில் வேறு வகையைக் குறித்திருந்தாலொழிய, 550 என்ற பெரிய எண்ணைக் காட்டிலும் 500டி மேலானது என்பதே எமது கருத்து.

இந்தக் கம்பியின் அமைப்பைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு துண்டைக் குறுக்காக அறுத்து, முகப்பை உப்புத்தாளால் வழவழப்பாகத் தேய்த்து, ஆல்கஹாலில் சிறிதளவு நைட்ரிக் அமிலம் கலந்த கரைசலை ஆய்வகத்தில் தடவினால், வெளிவிளிம்பை ஒட்டி ஒரு கருத்த வளையம் தோன்றும். உருளையிலிருந்து செஞ்சூடாக வெளிவரும் கம்பியின்மீது தண்ணீரைப் பாய்ச்சும்போது கடினப்பட்டு, பிறகு உள்ளே மிஞ்சிய சூட்டாலேயே பதமான தோல் அது. உள்ளே வெளிர் நிறத்தில் இருப்பது மென்மையான நடுப்பகுதி. கட்டுமிடத்தில் கம்பி வளையவில்லை என்று நெருப்பில் காய்ச்சி வளைப்பவர்கள் இந்த வளையத்தைத்தான் அழிக்கிறார்கள்; அதன்பின் அந்த இடத்தில் கம்பிக்கு அச்சிடப்பட்ட வலிமை இருக்காது.

எடையைச் சரிபார்ப்பது எளிது. மில்லிமீட்டரில் விட்டத்தின் வர்க்கத்தை 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் கிடைக்கும். 12 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ, 12 மீட்டர் நீளக் கம்பி ஏறத்தாழ 10.7 கிலோ இருக்கவேண்டும். 10 மில்லிமீட்டர் வரை 7 சதவீதமும், அதற்கு மேல் 16 மில்லிமீட்டர் வரை 5 சதவீதமும், அதனினும் பெரிய கம்பிகளில் 3 சதவீதமும் கூடுதல் குறைவு அனுமதிக்கப்படுகிறது.

தண்டு அடிக்கடி உடைகிறது. எம்.எஸ்.ஸிலிருந்து இ.என். 24க்கு மாற்றலாமா?

இ.என். என்ற எழுத்துகளும் அவற்றோடு வரும் எண்ணும் எஃகின் வகையைக் குறிப்பவை. மாற்றுவதற்கு முன் உடைந்த முகத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் வழவழப்பாக, கரையில் அலை விட்டுச்சென்ற கோடுகள்போல வரிவரியாகவும், மறுபக்கம் சொரசொரப்பாகவும் இருந்தால் அது களைப்பு முறிவு. ஆயிரக்கணக்கான சுழற்சிகளில் ஒரு சிறு விரிசல் ஒவ்வொரு வரியாக வளர்ந்து, மிஞ்சிய பகுதி சுமை தாங்காமல் ஒரே நொடியில் அறுந்திருக்கிறது. விரிசல் தொடங்கிய இடம் பெரும்பாலும் தண்டில் சக்கரத்தைப் பூட்டும் சாவிக்காக வெட்டிய சாவிப்பள்ளத்தின் மூலையாகவோ, இரண்டு விட்டங்கள் சந்திக்கும் இடத்தில் லேத் கருவி விட்டுச்சென்ற கூரான படியாகவோ இருக்கும். அந்த மூலையை வளைவாகக் கடைந்து, மேற்பரப்பை மெருகிட்டாலே அதே எஃகில் தண்டின் ஆயுள் வெகுவாகக் கூடும். கூரான படியை அப்படியே விட்டுவிட்டு இ.என். 24இல் கடைந்தால், செலவு கூடுவதைத் தவிரப் பலன் குறைவு.

பொதுவான பம்ப், கரும்பு ஆலை, மாவுமில் தண்டுகளுக்கு 0.4 சதவீதக் கார்பன் கொண்ட இ.என். 8 போதுமானது. அதை வெல்டிங் செய்யும்போது முன்கூட்டியே சூடாக்கவேண்டும்; இல்லாவிட்டால் பற்றவைப்பை ஒட்டிய பகுதி கடினப்பட்டு விரிசல் விடும். நிக்கல், குரோமியம், மாலிப்டினம் கலந்த இ.என். 24, பருமனான தண்டிலும் உட்பகுதிவரை கடினப்படக்கூடியது. ஆனால் முறையான வெப்பப் பதப்படுத்தல் இல்லாமல் அதன் விலைக்கு உரிய பலன் கிடைக்காது. 1 சதவீதக் கார்பனும் ஏறத்தாழ 1.5 சதவீதக் குரோமியமும் கொண்ட இ.என். 31 பேரிங் குண்டுகளுக்கும் வளையங்களுக்கும் உரியது.

கடினமான உலோகம்தானே நீடித்து உழைக்கும்?

தேய்மானத்துக்கு எதிராக ஆம். அடிக்கு எதிராக இல்லை. மேலூர்ப் பகுதியில் கருங்கல் துளையிடும் கம்பிகளே இதற்குச் சரியான சான்று. கல்லைக் கடிக்கும் நுனியில் மட்டும் டங்ஸ்டன் கார்பைடு துண்டு வைக்கப்பட்டிருக்கும். கார்பைடு துகள்களைக் கோபால்ட்டைக் கொண்டு பிணைத்துச் செய்யப்படும் அது மிகக் கடினமானது. கம்பி முழுவதையும் அதில் செய்தால் முதல் சம்மட்டி அடியிலேயே தெறித்துவிடும். எனவே அடியைத் தாங்கும் எஃகுத் தண்டின் நுனியில், தேய்மானத்தைத் தாங்கும் கார்பைடு பற்றவைக்கப்படுகிறது.

எவர்சில்வர் துருப்பிடிக்குமா? காந்தத்தை வைத்துத் தரம் பார்க்கலாமா?

துருப்பிடிக்கும். எவர்சில்வர் என்பது துருவேறா எஃகு; குறைந்தது 10.5 சதவீதக் குரோமியம் இருந்தால், எஃகின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத குரோமியம் ஆக்சைடு படலம் உருவாகிறது. கீறினாலும் காற்றுப் பட்டதும் அது மீண்டும் மூடிக்கொள்கிறது. அந்தப் படலத்துக்கு முதன்மையான எதிரி குளோரைடு, அதாவது உப்பு. படலம் ஓரிடத்தில் உடைந்தால் அங்கே ஊசிமுனைக் குழி விழுந்து, சுற்றிலும் பளபளப்பு மாறாமலேயே தகட்டைத் துளைத்துவிடும். உப்புத் தண்ணீர் வரும் ஆழ்துளைக் கிணறுகளில் இது நடக்கிறது.

எவர்சில்வரின் 304 வகையில் ஏறத்தாழ 18 சதவீதக் குரோமியமும் 8 சதவீத நிக்கலும் உள்ளன. நிக்கல் விலை அதிகம் என்பதால், அதில் ஒரு பகுதிக்கு மாற்றாக மாங்கனீசு சேர்க்கப்பட்டது 202 வகை. வீட்டுக்குள் கைப்பிடிக்கு அது போதும், வெளியில் நிற்கும் கேட்டுக்கோ தண்ணீர்த் தொட்டிக்கோ ஏற்றதன்று. 2 முதல் 3 சதவீத மாலிப்டினம் கொண்ட 316 வகை உப்பை மேலும் நன்றாகத் தாங்குகிறது. 430 வகையில் நிக்கல் இல்லை. காந்தம் வலுவாக ஒட்டும்.

கேட்டு வாங்குவோர் பலரும் காந்தத்தோடுதான் கடைக்கு வருகிறார்கள். காந்தம் ஒட்டினால் 430 ஆக இருக்கலாம் என்பது சரி. ஆனால் 202, 304 ஆகிய இரண்டிலும் காந்தம் ஒட்டாது. அதனால் அவை இரண்டையும் காந்தத்தால் பிரிக்கவே முடியாது. மேலும், அசல் 304 தகட்டை வளைத்தோ இழுத்தோ பாத்திரமாக்கும்போது, வளைந்த விளிம்பில் காந்தம் இலேசாக ஒட்டத் தொடங்கும். அதைக் கண்டு போலி என்று ஒதுக்குவதும் தவறு. நிச்சயமாக அறிய, உலோகத்தின் கலவையை நொடிகளில் காட்டும் எக்ஸ்.ஆர்.எஃப். கருவியோ, ஆய்வகச் சோதனையோ தேவை.

நல்ல 304இலும் சில நாட்களில் துருப்புள்ளிகள் தோன்றினால், குற்றம் பட்டறையில் இருக்கக்கூடும். எம்.எஸ். அறுத்த அதே கிரைண்டிங் சக்கரத்தால் எவர்சில்வரைத் தேய்த்தால் இரும்புத் துகள்கள் மேற்பரப்பில் பதிந்து துருப்பிடிக்கும். வெல்டிங் செய்த இடத்தில் தோன்றும் கருநீலக் கறையைப் பிக்ளிங் பேஸ்ட் (கறையைக் கரைக்கும் அமிலப் பசை) பூசி நீக்காமல் விடுவதும் அதே விளைவைத் தரும்.

பாம்பனில் 1914இல் திறக்கப்பட்ட பழைய இரயில் பாலம், உப்புக்காற்றுடன் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஓயாத பராமரிப்பால் போராடியது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் துருவேறா எஃகு வலுவூட்டுக் கம்பிகளும், உப்பைத் தாங்கும் பாலிசிலாக்சேன் பூச்சும், முற்றிலும் பற்றவைத்த இணைப்புகளும் பயன்படுத்தப்பட்டிருக்கின்றன. உலோகம், பூச்சு, இணைப்பு ஆகிய மூன்றையும் சேர்த்தே சிந்திக்கவேண்டும் என்பதற்கு நம் பக்கத்திலேயே இருக்கும் சான்று அது.

பித்தளை, வெண்கலம், கன்மெட்டல்: பம்புக்கும் குழாய்க்கும் எது ஏற்றது?

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். வெண்கலம் என்பது செம்பும் வெள்ளீயமும். பித்தளையைக் கடைவது எளிது, விலையும் குறைவு. ஆனால் துத்தநாகம் மிகுந்த பித்தளை உப்புத் தண்ணீரில் நாளடைவில் துத்தநாகத்தை இழந்துவிடும். பழைய குழாயின் திருகுதண்டு உடையும்போது உடைந்த இடம் மஞ்சளாக இல்லாமல் இளஞ்சிவப்பாக, கடற்பஞ்சுபோல் நுண்துளைகளோடு இருந்தால், அங்கே மிஞ்சியிருப்பது வலுவற்ற செம்பு மட்டுமே. அத்தகைய தண்ணீரில் 88 சதவீதச் செம்பு, 10 சதவீத வெள்ளீயம், 2 சதவீதத் துத்தநாகம் கொண்ட கன்மெட்டலில் வார்த்த இம்பெல்லரும் (பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) வால்வும் மேலானவை.

சுழலும் தண்டைத் தாங்கும் புஷ், தண்டைவிட மென்மையாகவே இருக்கவேண்டும். தேயவேண்டியது கழற்றி மாற்றக்கூடிய புஷ்தான். "கடினமான புஷ் போடுங்கள்" என்று கேட்பவர் தண்டைத் தேயவைக்கிறார். வெள்ளீயம் 20 சதவீதத்தை ஒட்டி உயரும்போது வெண்கலம் கடினமாகி நீண்டு ஒலிக்கிறது; கோயில் மணிக்கு அது பொருந்தும், அடி தாங்கவேண்டிய எந்திர உறுப்புக்குப் பொருந்தாது.

மோட்டார் காயிலுக்குச் செம்பா, அலுமினியமா?

மோட்டாருக்குச் செம்பு. அலுமினியத்தின் மின்கடத்துத்திறன் செம்பினதில் ஏறத்தாழ 61 சதவீதம். அதே மின்தடையைப் பெற 1.6 மடங்கு பருமனான கம்பி தேவை. மோட்டாரின் பள்ளங்களில் அதற்கு இடமில்லை. நீர்மூழ்கி மோட்டாரில் அறவே இடமில்லை. ஆனால் ஒரு கன செ.மீ. செம்பு 8.96 கிராம், அலுமினியம் 2.70 கிராம். எனவே இடத்தைப் பற்றிய கவலை இல்லாத இடத்தில், அதே மின்தடையுள்ள அலுமினியக் கம்பி செம்பின் பாதி எடையில் முடிந்துவிடுகிறது. வயல்களின் குறுக்கே செல்லும் உயரழுத்த மின்கம்பிகள், நடுவில் எஃகு இழையும் சுற்றிலும் அலுமினிய இழைகளும் கொண்டு அமைவது அதனால்தான்.

கோடையில் காயில் எரிந்துபோவதற்குப் பெரும்பாலும் கம்பியின் உலோகத்தைவிடக் குறைந்த மின்னழுத்தமே காரணம். மின்னழுத்தம் இறங்கும்போது அதே சுமையை இழுக்க மோட்டார் கூடுதல் மின்னோட்டத்தை எடுத்துக்கொள்கிறது. சூடு ஏற ஏறச் செம்பின் மின்தடையும் டிகிரிக்கு ஏறத்தாழ 0.4 சதவீதம் கூடுகிறது. மறுகாயில் கட்டும் செலவுக்கு முன் ஓவர்லோடு ரிலே (மின்னோட்டம் மிகும்போது இணைப்பைத் துண்டிக்கும் கருவி) சரியான அளவில் வைக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள்.

ஜி.ஐ. குழாயை வெல்டிங் செய்வது ஆபத்தா?

ஆபத்துதான். ஜி.ஐ. குழாய் என்பது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். அதன் மேலுள்ள துத்தநாகம் 419 டிகிரியில் உருகி, 907 டிகிரியில் ஆவியாகிறது. வெல்டிங் வெப்பம் அதைவிட மிக அதிகம். எழும் வெண்புகையைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் உடல்வலியும் வரும். பால் குடித்தால் போதும் என்ற நம்பிக்கை பட்டறைகளில் உண்டு. நுரையீரலுக்குள் போகும் புகையைப் பால் தடுக்காது. பற்றவைக்கும் இடத்தில் பூச்சைத் தேய்த்து நீக்கி, காற்றோட்டமான இடத்தில், உரிய முகக்கவசத்தோடு செய்யவேண்டும். முடிந்தபின் அங்கே துத்தநாகம் செறிந்த பெயின்ட் பூசவேண்டும்.

கூரைத் தகட்டின் ஓட்டைகள் ஏன் நீண்டுபோகின்றன?

வெப்ப விரிவினால். 40 டிகிரி வெப்ப மாற்றத்துக்கு 10 மீட்டர் எஃகு ஏறத்தாழ 5 மில்லிமீட்டரும், அதே நீள அலுமினியம் 9 மில்லிமீட்டரும் நீளும். எஃகுச் சட்டத்தின்மேல் அலுமினியத் தகட்டை இறுக்கினால், சித்திரை வெயிலிலும் இரவுக் குளிரிலும் இரண்டும் வெவ்வேறு அளவில் நகர்ந்து ஓட்டையை அரிக்கின்றன. ஓட்டையைச் சற்றே பெரிதாக்கி ரப்பர் வாஷர் வைப்பது, விரிவுக்கும் இடம் கொடுக்கும், மழைநீரில் இரு உலோகங்கள் தொட்டுக்கொண்டு அலுமினியம் அரிக்கப்படுவதையும் குறைக்கும்.

உடைந்த வார்ப்பிரும்பு உறுப்பை ஒட்டமுடியுமா?

முடியும், பொறுமை இருந்தால். அலங்காநல்லூர்ப் பக்கம் கரும்பு பிழியும் எந்திரத்தின் உடற்பகுதி விரிசல் விட்டால், விரிசலின் இரு முனையிலும் துளையிட்டு அது மேலும் ஓடாமல் தடுத்து, உறுப்பைச் சீராகச் சூடாக்கி, நிக்கல் ராடால் சிறுசிறு பகுதிகளாகப் பற்றவைத்து, மணலிலோ சாம்பலிலோ புதைத்து மெல்ல ஆறவிடவேண்டும். தண்ணீர் ஊற்றி ஆறவைத்தால் பக்கத்திலேயே புதிய விரிசல் விழும்.

பழைய இரும்புக் கடையில் வாங்கிய துண்டு எந்த எஃகு என்று எப்படி அறிவது?

கிரைண்டிங் சக்கரத்தில் தொட்டு, இருண்ட மூலையில் பொறியைப் பாருங்கள். எம்.எஸ். நீண்ட வைக்கோல் நிறக் கோடுகளாகப் பறக்கும், வெடிப்பு மிகக் குறைவு. கார்பன் கூடக்கூட, கோடுகளின் நுனி நட்சத்திரமாகப் பிரிந்து வெடிக்கும். பழைய அரத்தைத் தொட்டால் சக்கரத்தின் அருகிலேயே அடர்த்தியான கொத்தாகச் சிதறும். வார்ப்பிரும்பின் பொறி குட்டையாகவும் மங்கிய சிவப்பாகவும் இருக்கும். செம்பு, பித்தளை, அலுமினியம் ஆகியவை பொறி தருவதில்லை. அலுமினியத்தைச் சக்கரத்தில் தேய்க்கவும் கூடாது, அது சக்கரத்தை அடைத்து உடையச் செய்யும். பெயர் தெரிந்த இரண்டு மூன்று துண்டுகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டால் கண் விரைவில் பழகிவிடும்.

இந்தச் சோதனை கார்பன் அளவைத் தோராயமாகச் சொல்லுமே தவிர, இ.என். 19ஐயும் இ.என். 24ஐயும் உறுதியாகப் பிரித்துக் காட்டாது. சங்கிலிக் கொக்கி, லிஃப்ட் உறுப்பு, டிராக்டர் டிரெய்லரின் இணைப்புத் தண்டு போல, உடைந்தால் ஆள் உயிருக்கு ஆபத்து வரும் எதற்கும் பழைய துண்டைப் பயன்படுத்தக்கூடாது. புதிய உலோகத்தை வாங்கி, ஆலையின் சோதனைச் சான்றிதழில் உள்ள வார்ப்பு எண் (அந்த உலோகம் உருக்கப்பட்ட தொகுதியின் எண்) கம்பியின்மேல் குறிக்கப்பட்ட எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று கடையிலேயே நின்று பார்த்துக்கொள்ளவேண்டும்.